முகம் கோணிய குழந்தை, தோலில் தடிப்பு: எதை எந்த வரிசையில் பார்ப்பது?

பால் குடிக்கும்போது ஒரு கடைவாயில் மட்டும் ஒழுகுகிறது. தூங்கும்போது ஒரு கண் பாதி திறந்தே கிடக்கிறது. அழுதால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு மூன்று வயதுக் குழந்தையிடம் இதைப் பார்த்ததும் வீட்டில் முதலில் எழும் பேச்சு, வாதம் அடித்துவிட்டது என்பதுதான். கூடவே காதோரம் கொப்புளமோ, உடம்பில் சிவப்புப் புள்ளியோ தெரிந்தால் அதற்குத் தனியாக ஒரு காரணம் சொல்லப்படும்: சூடு, பூச்சிக்கடி, அம்மை. முகத்துக்கு ஒரு டாக்டர், தோலுக்கு இன்னொரு டாக்டர் என்று அலைவதும் நடக்கும். உண்மையில் இரண்டும் வெவ்வேறு என்று உறுதியாகும்வரை ஒரே நோயின் இரண்டு முகங்களாகத்தான் பார்க்க வேண்டும்.

குழந்தைகளின் முகநரம்பு பலவீனத்தில் பெரும்பங்கு, காரணம் பிடிபடாத பெல்ஸ் பால்சி. அது சாதுவான நோய், பெரும்பாலும் தானே சரியாகிவிடும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், அந்தப் பெயரை முதல் நாளே, முதல் பார்வையிலேயே சூட்டிவிடுவதில். மற்றவை எல்லாம் இல்லை என்று பார்த்த பிறகு கடைசியில் வைக்க வேண்டிய பெயர் அது. தோலில் ஏதாவது இருக்கும் குழந்தைக்கு அந்தப் பெயரை எளிதில் வைக்கக் கூடாது.

எந்தப் பக்கம், எந்த வகை

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாய் வலப்பக்கம் இழுக்கிறது என்றால் பலவீனம் இடப்பக்கம். நன்றாக இருக்கும் தசை தன் பக்கம் இழுக்கிறது, செயலிழந்த பக்கம் எதிர்த்து இழுக்க முடியாமல் தட்டையாக நிற்கிறது. பெற்றோர் பலர் இழுக்கும் பக்கத்தைத்தான் நோயுற்ற பக்கமாகக் காட்டுவார்கள். கண் மூடாத பக்கம் எது, மூக்கோர மடிப்பு மறைந்த பக்கம் எது என்று பார்த்தால் தெளிவாகிவிடும்.

அடுத்தது நெற்றி. நெற்றித் தசைக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. அதனால் மூளையின் மேற்பகுதியில் ஒரு பக்கம் அடிபட்டாலும் நெற்றி சுருங்கும், கண் ஓரளவு மூடும். வாய் மட்டும் கோணும். நரம்பே பழுதானால் அந்தப் பக்கத்து நெற்றி, கண், வாய் மூன்றும் ஒன்றாகப் போகும். நெற்றி தப்பித்த குழந்தைக்கு அன்றே மூளை ஸ்கேன் வேண்டும். ஆனால் இதைத் திருப்பிப்போட்டு, ‘நெற்றியும் செயலிழந்துவிட்டதே, மூளையில் ஒன்றுமில்லை’ என்று நிம்மதி அடைய முடியாது. முகநரம்பு புறப்படும் மூளைத்தண்டில் கட்டி இருந்தாலும் நெற்றி சேர்ந்தே போகும். அங்கே கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாம் நரம்பின் மையத்தைச் சுற்றித்தான் முகநரம்பு வளைந்து வருகிறது. அதனால் பொம்மையைப் பக்கவாட்டில் நகர்த்தி, இரண்டு கண்ணும் ஓரம் வரை போகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

பெரியவரிடம் ‘புருவத்தைத் தூக்குங்கள், பல்லைக் காட்டுங்கள்’ என்று சொல்லலாம். இரண்டு வயதுக் குழந்தையிடம் நடக்காது. மடியில் வைத்து, சிரிக்க வைத்துப் பார்க்க வேண்டும்; அது முடியாவிட்டால் அழும்போது பார்க்க வேண்டும். முகத்துக்கு மேலே ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டினால் நெற்றி சுருங்குகிறதா என்று தெரியும். வீட்டிலேயே போனில் நான்கு துண்டு வீடியோ எடுத்துப் போவது பெரிய உதவி: சும்மா இருக்கும்போது, சிரிக்கும்போது, அழும்போது, தூங்கும்போது. ஆஸ்பத்திரியில் பயந்து உறைந்துபோன முகத்தில் எதுவும் தெரியாது.

பிறந்ததிலிருந்தே அழும்போது மட்டும் கீழுதடு ஒரு பக்கம் இறங்காமல் நிற்கிறது, கண் நன்றாக மூடுகிறது, நெற்றியும் சுருங்குகிறது என்றால் அது நரம்பு நோயே இல்லாமல் இருக்கலாம். உதட்டை இறக்கும் ஒரு சிறு தசை சரியாக வளராத பிறவிக் குறை அது. முகத்துக்கு மருந்து தேவையில்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் சிலரிடம் இதயக் குறையும் இருப்பதால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. பழைய போட்டோக்களைப் புரட்டினாலே இது புதிதா, பிறவியா என்பது தெரிந்துவிடும்.

தோலுக்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு

முகநரம்பு மூளைத்தண்டில் கிளம்பி, கேள்நரம்போடு சேர்ந்து காது எலும்புக்குள் நுழைகிறது. பிறகு நடுக்காதின் சுவரோரம் ஓடி, காதுக்குப் பின்னால் இறங்கி, காது மடலுக்குக் கீழே வெளியே வந்து, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் கிளைகளாகப் பிரிகிறது. சுவருக்குள் பதித்த பைப்பில் ஓடும் கரண்ட் வயர் மாதிரி, எலும்புக்குள் அதற்கு விரிய இடமே இல்லை. மிகக் குறுகலான இடத்தில் அந்தக் குழாயின் விட்டம் ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவு. வைரஸாலோ, சீழாலோ, ரத்தப் புற்றுச் செல்களாலோ கொஞ்சம் வீங்கினாலே போதும், நரம்பு நசுங்கும்.

இதே நரம்பு காது மடலின் குழியில் ஒரு சிறு தோல்பகுதிக்கு உணர்வும், நாக்கின் முன்பகுதிக்குச் சுவையும் தருகிறது. நடுக்காதில் ஒரு குட்டித் தசையை இயக்கி, பெரிய சத்தத்தை மட்டுப்படுத்துவதும் இதுதான். அதனால்தான் முகம் கோணிய குழந்தை மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்கிறதா, பிடித்த சாப்பாட்டைத் துப்புகிறதா என்றெல்லாம் கேட்கிறார்கள்.

தோலைத் தேடும் விதம்

டயப்பர் உட்பட எல்லாத் துணியையும் கழற்றி, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, வெறும் தடிப்பாகவோதான் தெரியும். விரலால் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியது கையில் பிடிபடும். காது மடலின் குழி, காதுத் துளையின் வாய், காதுக்குப் பின் மடிப்பு, தலைமுடிக்குள், மேலண்ணம், நாக்கின் முன்பாதி, அக்குள், தொடையிடுக்கு, ஆசனவாயைச் சுற்றி, உள்ளங்கை, உள்ளங்கால், பிசிஜி ஊசி போட்ட தழும்பு: விட்டுப்போகும் இடங்கள் இவைதான்.

கண்ணாடி டம்ளர் சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நிறமில்லாத டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளிமேல் அழுத்தி, உள்ளே பார்க்க வேண்டும். அழுத்தும்போது சிவப்பு மறைந்தால் அது ரத்தக்குழாய் விரிவு. மறையாமல் அப்படியே நின்றால் ரத்தம் தோலுக்குள் கசிந்திருக்கிறது. தொடர்ந்து இருமியோ வாந்தி எடுத்தோ முகத்திலும் கழுத்திலும் மட்டும் சில புள்ளிகள் வருவதுண்டு, அது பெரும்பாலும் தொந்தரவில்லாதது. மார்புக்குக் கீழேயும் மறையாத புள்ளி இருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. காய்ச்சலும் சோர்வும் சேர்ந்திருந்தால் நேராக அவசரப் பிரிவு. அங்கே மூளைக்காய்ச்சல் கிருமி ரத்தத்தில் பரவியிருப்பதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள்.

காதில் கொப்புளம்: ராம்சே ஹன்ட்

முகம் கோணலும் தோல் மாற்றமும் சேர்ந்து வந்தால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது இதுதான். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் ராம்சே ஹன்ட் 1907-ல் விவரித்த நோய். சின்னம்மை வைரஸ் அம்மை ஆறிய பிறகும் உடலைவிட்டுப் போவதில்லை. நரம்பு முடிச்சுகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. பின்னாளில் அது முகநரம்பின் முடிச்சில் விழித்துக்கொண்டால் காதுவலி, காது மடல் குழியில் கொத்தாக நீர்க்கொப்புளங்கள், முகம் செயலிழப்பு என மூன்றும் வரும். சிலருக்குக் கொப்புளம் காதில் இருக்காது. அண்ணத்திலோ நாக்கிலோ இருக்கும். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்காதவர் கண்ணில் அது படாது.

ஒளிந்திருந்த அம்மை வைரஸ் இப்படித் திரும்பி வருவதைத்தான் அக்கி என்கிறோம். அக்கி வயதானவர்களின் நோயாயிற்றே, சின்னக் குழந்தைக்கு எப்படி வரும் என்ற கேள்வி நியாயமானது. இங்கே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: தாய்க்குக் கர்ப்பத்தில் அம்மை போட்டதா, குழந்தைக்கு ஒரு வயதுக்குள் அம்மை வந்ததா? அந்த வயதில் வைரஸைக் கட்டிவைக்கும் எதிர்ப்பு சரியாக உருவாவதில்லை. அதனால் சில வருடத்திலேயே அது அக்கியாகத் திரும்பி வருகிறது. கைக்குழந்தைக்கு வரும் அம்மை நாலைந்து கொப்புளத்தோடு போய்விடுவதால் வீட்டில் அதை வேர்க்குரு என்று நினைத்து மறந்திருப்பார்கள். ‘அம்மை வந்ததே இல்லை’ என்ற பதிலை முழுதாக நம்ப வேண்டாம்.

குழந்தைகளிடம் இந்த நோய் செய்யும் பெரிய ஏமாற்று இதுதான்: பல சமயம் முகம் முதலில் கோணும், கொப்புளம் சில நாள் கழித்தே வரும். முதல் நாள் காது சுத்தமாக இருந்ததால் பெல்ஸ் பால்சி என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். நாலாம் நாள் கொப்புளம் வரும், யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே முதல் வாரம் முழுக்கத் தினமும் ஒரு தடவை காது, வாய் இரண்டையும் பார்க்கச் சொல்லி அனுப்ப வேண்டும். பேச்சு வராத குழந்தை காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பது, நடை திடீரென்று தள்ளாடுவது, காரணமில்லாத வாந்தி ஆகியவையும் துப்புகள். பக்கத்திலேயே ஓடும் கேள்நரம்பும் சேர்ந்து பாதிக்கப்படுவதால் தலைசுற்றலும் கேட்கும் திறன் குறைவும் வருகின்றன. கேட்கும் திறனைக் கட்டாயம் சோதிக்க வேண்டும்.

கொப்புளம் இருந்தால் நோயைச் சோதனையில் உறுதி செய்யலாம். கொப்புளத்தின் மேல்தோலைக் கீறி, அடித்தளத்தைப் பஞ்சுக் குச்சியால் அழுத்தித் தேய்த்து வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். மேலே இருக்கும் நீரை மட்டும் தொட்டு எடுத்தால் செல்கள் போதாமல் ரிசல்ட் பொய்யாக நெகட்டிவ் வரலாம். காய்ந்த பொருக்கிலும் வைரஸ் கிடைக்கும், அதனால் தாமதமாக வந்தாலும் மாதிரி எடுக்கலாம். ஆனால் ரிசல்ட் வரும்வரை மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. வைரஸை அடக்கும் மருந்தான அசைக்ளோவிர் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். வாய்வழி கொடுப்பதானால் வழக்கமான அளவு எடையில் கிலோவுக்கு 20 மி.கி., நாளைக்கு 4 வேளை. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மி.கி. ஆகிறது. நிறையத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தில் படியும். நோய் கடுமையாக இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவார்கள். கூடவே நரம்பின் வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு சேர்ப்பது வழக்கம். அம்மை வைரஸ் இருக்கும்போது அசைக்ளோவிர் இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கொடுப்பது ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வேலை அல்ல இது.

நம் ஊரில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அக்கி வந்தால் மண்பாண்டம் செய்பவரிடம் போய், காவி குழைத்துச் சிங்கமோ நாயோ வரைந்து ‘அக்கி எழுதி’க்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. முதுகில் எழுதினால் பெரிய கெடுதல் இல்லாமல் போகலாம். காதுக் குழியில் காவி பூசிவிட்டால் அடியில் கொப்புளமா, சீழா, வெறும் சிவப்பா என்று எவராலும் சொல்ல முடியாது. உடைந்த கொப்புளத்தில் மண் கிருமியும் சேரும். பூசியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், உப்புநீரில் நனைத்துத் துடைத்துப் பார்ப்பார்கள். ‘அம்மை பார்த்திருக்கு, ஆஸ்பத்திரி வாசல் மிதிக்கக் கூடாது’ என்று காத்திருப்பதிலும் போவது அந்த 72 மணி நேரம்தான்.

கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அம்மை வராத கர்ப்பிணிகளையும் பச்சைக் குழந்தைகளையும் பக்கத்தில் விட வேண்டாம். அக்கியிலிருந்து அவர்களுக்குச் சின்னம்மை தொற்றும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, கல்லீரலையும் மூளையையும் தாக்கும் ரேய்ஸ் சின்ட்ரோம் வரும் அபாயம் உண்டு.

விடாத காய்ச்சலோடு சிவப்பு: காவசாகி

ஆஸ்பிரினைத் தெரிந்தே கொடுக்கும் நோய் ஒன்றும் இந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் தொமிசாகு காவசாகி 1967-ல் 50 குழந்தைகளை வைத்து விவரித்த நோய். பெரும்பாலும் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு வருவது. 5 நாளோ அதற்கு மேலோ விடாத காய்ச்சல். அதோடு பீளை இல்லாமல் சிவந்த கண்கள், வெடித்துச் சிவந்த உதடும் ஸ்ட்ராபெரி போன்ற நாக்கும், உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கமோ சிவப்போ, கழுத்தில் 1.5 செ.மீ.க்கு மேல் நெறிகட்டி ஆகிய ஐந்தில் நான்கு. இவை எல்லாம் ஒரே நாளில் வரிசையாக நிற்காது. தடிப்பு இரண்டாம் நாள் வந்து மறைந்திருக்கும், கண் நாலாம் நாள் சிவந்திருக்கும். அதனால் இன்று என்ன இருக்கிறது என்பதோடு, இந்த வாரம் என்னென்ன வந்து போனது என்றும் கேட்க வேண்டும்.

நம் நாட்டில் பிறந்த உடனே பிசிஜி போடுவதால் நமக்கு ஒரு கூடுதல் துப்பு கிடைக்கிறது: ஆறிப்போன அந்தத் தழும்பு திடீரென்று சிவந்து தடித்திருந்தால் காவசாகியைப் பலமாகச் சந்தேகிக்கலாம். விரல் நுனியில் தோல் உரிவது இரண்டாம் வாரத்துக்குப் பிறகுதான்; அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

முகநரம்பு செயலிழப்பு காவசாகியில் அபூர்வம். வந்தால் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அப்படியிருந்தும் அதற்கு மதிப்பு அதிகம்: முகம் கோணிய காவசாகிக் குழந்தைகளிடம் இதயத்தின் கொரோனரி ரத்தக்குழாய் வீங்கியிருப்பது கூடுதலாகக் காணப்படுகிறது. சிகிச்சை இல்லாமல் விட்டால் காவசாகிக் குழந்தைகளில் சுமார் 25 சதவீதத்தினருக்கு அந்த வீக்கம் வரும். 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் அது 4 சதவீத அளவுக்கு இறங்குகிறது. அளவு எடையில் கிலோவுக்கு 2 கிராம், ஒரே தடவையாக 10 முதல் 12 மணி நேரம் ஏற்றுவார்கள். பிறகு 11 மாதத்துக்கு எம்எம்ஆர், சின்னம்மைத் தடுப்பூசிகளைத் தள்ளிவைக்க வேண்டும். இதைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி தொலையும், அட்டை தொலையாது.

மறையாத புள்ளி, வெளிறிய முகம்

டம்ளருக்கு மறையாத சின்னப் புள்ளிகள், வெளிறிய உதடு, இடித்துக்கொள்ளாமலே வரும் கன்றல், இரவில் கால்வலி என்று அழுகை, நெறிகட்டி ஆகியவற்றோடு முகமும் கோணினால் ரத்தப் புற்றை நினைக்க வேண்டும். புற்றுச் செல்கள் நரம்பைச் சுற்றிக் குவிவதால் முகம் செயலிழக்கிறது. மழைக்காலத்தில் இதே புள்ளிகளை டெங்கு என்று எடுத்துக்கொள்வது எளிது. ஆனால் டெங்குவில் முகம் கோணுவது மிக அரிது. கோணிய முகம் இருக்கும்போது டெங்கு என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

ஸ்டீராய்டு மாத்திரை தொடங்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணம் இதுதான். ரத்தப் புற்றுச் செல்கள் ஸ்டீராய்டுக்குத் தற்காலிகமாகக் கரையும். முகம் சரியாகும், புள்ளி மறையும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். சில வாரம் கழித்து நோய் திரும்பும்போது அதை அடையாளம் காண்பதும் கட்டுப்படுத்துவதும் கடினமாகியிருக்கும். மெஷின் தரும் எண்ணிக்கை மட்டும் போதாது. ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் ஒருவர் கண்ணால் பார்த்த அறிக்கை வேண்டும்.

சொறி சிரங்கு எங்கே வருகிறது

இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கால் கையில் சீழ்ப்பிடித்த சிரங்கு வந்து 3 முதல் 6 வாரம் கழித்து, அதே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிரான விளைவாகச் சிறுநீரகம் வீங்குவதுண்டு. சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போகும், காலையில் இமை வீங்கியிருக்கும், ரத்த அழுத்தம் எகிறும். குழந்தைகளில் மிக உயர்ந்த ரத்த அழுத்தத்தின் ஒரே வெளி அடையாளம் முகம் கோணுவதாக இருக்கலாம். இங்கே ஸ்டீராய்டு கொடுத்தால் அழுத்தம் இன்னும் ஏறி வலிப்பில் போய் முடியும். ஆறிப்போன சிரங்குத் தழும்பைப் பார்த்தால் அதன் தேதியைக் கேளுங்கள்.

ஆக, முகம் கோணிய ஒவ்வொரு குழந்தைக்கும் பிபி பார்த்தே ஆக வேண்டும். சின்னக் கைக்குப் பெரியவர் பட்டையைச் சுற்றினால் அளவு குறைத்துக் காட்டும். மிகச் சிறிய பட்டை கூட்டிக் காட்டும். உள்ளே காற்று நிரம்பும் பையின் அகலம் புஜத்தின் சுற்றளவில் 40 சதவீதம் இருப்பது சரி. குழந்தை அழும்போது எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. மூன்று வயதுக் குழந்தைக்கு அமைதியாக இருக்கும்போதும் மேல் எண் 100-ஐத் தாண்டி வந்தால் திரும்ப எடுத்து, வயதுக்கும் உயரத்துக்கும் உரிய அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

அமெரிக்காவில் இருந்தால்: லைம்

நியூஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வரிசையே மாறும். கோடையில் அங்கே குழந்தைக்கு முகம் கோணினால், லைம் நோய் பட்டியலின் மேலேயே வந்துவிடும். மான் உண்ணி கடித்து 3 முதல் 30 நாளுக்குள், கடித்த இடத்தில் 5 செ.மீ.க்கும் பெரிதாக ஒரு சிவப்பு வட்டம் நாளுக்கு நாள் பரவும். நமைச்சலும் வலியும் பெரும்பாலும் இருக்காது. நடுவில் வெளிறிய ‘இலக்குப் பலகை’ வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முழுச் சிவப்பாகவும் இருக்கும். முகம் கோணும் கட்டத்தில் உடம்பில் பல இடத்தில் வட்டங்கள் தெரியலாம். சில குழந்தைகளுக்கு முகத்தின் இரு பக்கமும் செயலிழக்கும், அப்போது கோணலே தெரியாது. முகம் உணர்ச்சியில்லாமல் இருப்பது மட்டும்தான் தெரியும்.

வட்டம் இருந்தால் அதுவே நோயைச் சொல்லிவிடும். ஆன்டிபாடி உருவாகச் சில வாரம் ஆகும் என்பதால் ஆரம்பத்தில் ரத்தப் பரிசோதனை நெகட்டிவாக இருப்பது சகஜம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 14 முதல் 21 நாள் கொடுக்கிறார்கள். 8 வயதுக்குக் கீழே அதைத் தொடவே கூடாது என்ற பழைய விதி, 21 நாளுக்குட்பட்ட சிகிச்சைக்கு இப்போது தளர்த்தப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டை விட்டு வெளியே போகாத குழந்தைக்கு லைம் பரிசோதனை கேட்டுப் பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை.

உணர்வில்லாத படை, சிவந்த காதுப் பின்புறம்

இன்னும் இரண்டைச் சுருக்கமாக. கன்னத்தில் வெளிறியோ சிவந்தோ ஒரு படை, அந்தப் பக்கத்துக் கண் மட்டும் மூடவில்லை, வாய் கிட்டத்தட்ட சரி என்றால் தொழுநோயை நினைக்க வேண்டும். கிருமி நரம்பின் கண்ணிமைக் கிளையைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவது அதன் வழக்கம். பஞ்சை நூலாகத் திரித்துப் படைமேல் தொட்டு, குழந்தை உணர்கிறதா என்று பார்ப்பார்கள். நோய் வெளிப்பட வருடக்கணக்கில் ஆவதால் மிகச் சிறு குழந்தைகளிடம் அரிது, பள்ளி வயதில் பார்க்கலாம். மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

காதுக்குப் பின்னால் சிவந்து வீங்கி, காது மடல் முன்னே தள்ளிக்கொண்டு நிற்பதைத் தடிப்பு என்று சொல்லி அழைத்து வருவார்கள். அது தோல் நோயே அல்ல, நடுக்காதுச் சீழ் பின்எலும்புக்குப் பரவியிருக்கிறது. அன்றே காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்க வேண்டும். நடுக்காதில் நரம்பை மூடும் எலும்பு சிலருக்குப் பிறவியிலேயே விட்டுப்போயிருக்கும். அங்கே சீழ் நேராக நரம்பைத் தொடும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காது மடலைக் கீழே, பின்னே இழுத்தால்தான் செவிப்பறை தெரியும். பெரியவருக்குப் போல மேலே இழுத்தால் தெரியாது. வலியே இல்லாமல் மாதக்கணக்கில் காது ஒழுகி, பிறகு முகம் கோணினால் காசநோயையும் தேட வேண்டும்.

ஸ்கேன், மாத்திரை, கண்

எல்லாக் குழந்தைக்கும் எம்ஆர்ஐ வேண்டியதில்லை. பெல்ஸ் பால்சி 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வந்துவிடும். வாரக்கணக்கில் மெதுவாகக் கூடிக்கொண்டே போவது, நடை மாறுவது, மாறுகண் வருவது, ஒரே பக்கம் மறுபடி வருவது, மூன்று மாதமாகியும் அசைவே திரும்பாதது ஆகியவற்றுக்குத்தான் எம்ஆர்ஐ. முழங்கால் தட்டினால் உதறல் வரவில்லை, குழந்தை நிற்க மறுக்கிறது என்றால் கை கால் நரம்புகளைத் தாக்கித் தளரச் செய்யும் கில்லன்-பாரே நோயை நினைக்க வேண்டும். மூச்சுத் தசையும் தளரலாம் என்பதால் ஆஸ்பத்திரியில்தான் வைத்திருக்க வேண்டும்.

எல்லாம் பார்த்து எதுவும் இல்லை, பெல்ஸ் பால்சிதான் என்று முடிவானால் ஸ்டீராய்டு கட்டாயமா? பெரியவர்களுக்கு அது பலன் தருவது உறுதியாகிவிட்டது. குழந்தைகளுக்கு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 187 பேரிடம் நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில், ஒரு மாத முடிவில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கும் வெற்று மருந்து பெற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆறு மாதத்தில் இரு தரப்பிலும் பெரும்பாலோர் குணமாகியிருந்தார்கள். ஆகவே சந்தேகம் பாக்கி இருக்கும் குழந்தைக்கு ஸ்டீராய்டை ஒரு நாள் தள்ளிப்போட்டு ரத்தப் பரிசோதனையை முடிப்பதில் பெரிய நஷ்டம் எதுவுமில்லை. அசைக்ளோவிர் விஷயம் அப்படி அல்ல, அது காத்திருக்காது.

காரணம் எதுவானாலும் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது கண் பராமரிப்பு. மூடாத கண் காய்ந்தால் கருவிழியில் புண் விழும். முகம் சரியானாலும் அந்தத் தழும்பு பார்வையில் நிற்கும். விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணிக்கு ஒரு தடவை செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, படுக்கப்போகும்போது கண் களிம்பு. பிறகு மேலிமையை விரலால் மெல்ல இறக்கி, முழுக்க மூடியதை உறுதி செய்துகொண்டு, மைக்ரோபோர் டேப்பைக் குறுக்கே ஒட்ட வேண்டும். இமை மூடாமலே மேலே பஞ்சு வைத்து ஒட்டினால் பஞ்சு கருவிழியை உரசும். ஒட்டாமல் விட்டதைவிட அது மோசம். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் படாமல் படுக்கவையுங்கள். கண் சிவந்தாலோ, வெளிச்சத்துக்குக் கூசி இறுக்கிக்கொண்டாலோ அன்றே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். மறுநாள் வரை விட வேண்டாம்.